ஒரு தோலுக்கு ஒரு பாட்டு

சூசைக்குத் தாடை வலித்தது. இருபது வருசமாக வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பு வலியும் தோள்பட்டை வலியும் சோறு தண்ணி மாதிரி. கன்னம் வலிப்பது இதுதான் முதல் தடவை. சோற்றை மெல்ல முடியாமல் ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தான்.

"நாப்பத்திரண்டு வயசுல ஊதல் கேக்குதாக்கும்," என்றாள் அவன் மனைவி வியாகுலம்மாள். "கோழி முட்டை போடுறத நிறுத்துனதுதான் மிச்சம்."

அவள் சொன்ன ஊதல், தோல்பையில் காற்றை அடைத்து அக்குளில் இடுக்கி வாசிக்கிற பேக்பைப். பட்டாளத்து பேண்டில் ஊதிய சேவுகம்பட்டி பொம்மையன், முன்பல் நாலும் விழுந்ததும், "உனக்குத்தான் மூச்சு கெடக்கே, ஊதிக்கடா" என்று கொடுத்துவிட்டார். ஏழு மாதம் வெறும் குழலை வைத்துப் பழகி, சூசை ஒரே ஒரு அணிவகுப்புப் பாட்டைக் கற்றிருந்தான். குழல்கள் நன்றாக இருந்தன. காற்று அடைக்கிற தோல்பைதான் எலி கடித்துக் கந்தல்.

தோல் பதனிடும் சௌகத் அலி நல்ல ஆட்டுத்தோலாகப் பார்த்து வெட்டி, இரட்டைத் தையல் போட்டுப் புதுப் பை செய்து கொடுத்தார். காசு நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

"காசு வேணாம்ப்பா. வர்ற மாசம் எம்மக தஹ்சீனுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஊர்வலத்துல முழுசா ஒரு பாட்டு வாசி. சம்பந்தி வீட்டுல மெட்ராசு பேண்டு அது இதுன்னு பீத்துறாங்க. என் மானம் உன் வாயில இருக்கு."

"வாசிக்கிறேன் பாய். மண்டியில கேட்டுப் பாருங்க, சூசை எடுத்த மூட்டையைப் பாதியில இறக்குனதில்ல."

புதுத்தோலில் காற்று கசியும், உள்ளே தேனை ஊற்றிப் பிசைந்தால் அடைபடும் என்று பொம்மையன் சொல்லியிருந்தார். தேன் விற்கிற விலைக்கு? சூசை ஒரு கிலோ கருப்பட்டியைப் பாகு காய்ச்சி ஊற்றிப் பிசைந்தான். கசிவு நின்றது. தேனுக்கும் கருப்பட்டிக்கும் நாக்குக்குத்தான் வித்தியாசம், தோலுக்கு என்ன தெரியும்?

ஊர்வலத்தன்று மாப்பிள்ளை கார் வரத் தாமதம். பையை வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுப் பிரியாணிக்கு உட்கார்ந்தான். சித்திரை வெயிலில் பாகு இளகித் தையல் வழியாகக் கசிந்தது. மரத்துக் கட்டெறும்பு மொத்தமும் அங்கே பந்தி போட்டது.

கார் வந்ததும் ஓடிப்போய்ப் பையை அக்குளில் இடுக்கி ஊதினான். முதல் அடி கணீரென்று வந்தது. சௌகத் அலி சம்பந்தியைப் பார்த்துத் தாடியைத் தடவிக்கொண்டார். இரண்டாம் அடியில் சுருக்கென்று ஒரு கடி. அப்புறம் பத்து. கையைத் தூக்கினால் காற்று போகும், இடுக்கினால் எறும்பு கடிக்கும். சூசை இடுக்கினான். இடுக்கிக்கொண்டே குதித்தான், ஒற்றைக்காலில் சுற்றினான். பை யானையாகப் பிளிறி, கிடாயாகக் கத்தியது.

"ஏலே, சூசை ஆடுறான்டா!" மண்டிக்காரர்கள் விசிலடித்தார்கள். மாப்பிள்ளை வாஜித் காரை விட்டு இறங்கிக் கூடவே ஆடினான். தெருமுனை வரைக்கும் சூசை பையை இறக்கவில்லை.

"ஆடிக்கிட்டே ஊதுற ஆளை எங்க பிடிச்சீங்க பாய்!" என்று சம்பந்தி பொன்னாடை போர்த்தினார்.

மறுநாள் பணியாரமாக வீங்கிய அக்குளில் வியாகுலம்மாள் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். "கருப்பட்டி ஒரு கிலோ," என்று மட்டும் சொன்னாள். சௌகத் அலி பிரியாணித் தூக்கோடு வந்தார்.

"மானத்தைக் காப்பாத்திட்ட சூசை."

"அப்ப தோல் கணக்குத் தீந்துச்சா பாய்?"

"அதெப்புடி? நான் கேட்டது பாட்டு. நீ குடுத்தது ஆட்டம்."

பாட்டில் வந்தது ஒன்றரை அடிதான் என்று சூசைக்கும் தெரியும். சௌகத் அலிக்கு முழுசாக ஒரு பாட்டு பாக்கி.