மூன்றாவது குழியில் மஞ்சள்

1.

இந்தக் கதை ஒரு வாக்கியத்தின் மேல் வந்த ஆத்திரத்தில் பிறந்தது. கோலா சிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசைக்காரர் வாயில் ரொட்டி சானாயை வைத்துக்கொண்டே கூட இருந்தவரிடம் சொன்னார்: "அம்மாவ தங்கச்சிதான் பாத்துக்கிறா. நம்ம ஆம்பளைங்க என்னா செய்ய முடியும்?" சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டி கேட்டார். பருப்புக் குழம்பு தனியாக வேண்டுமாம்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தத் தங்கச்சி யார், அம்மாவுக்கு என்ன, ஒன்றும் தெரியாது. மிச்சம் முழுக்க நான் வயிற்றெரிச்சலில் கட்டியது. தங்கச்சிக்கு நவமணி என்று பெயர் வைத்தேன். அம்மா வேலம்மா. அண்ணனுக்குப் புனிதன் என்று வைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மாற்றவில்லை.

2.

முதல் தொடக்கம்: "எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் மேல் காலைப் பனி மெல்ல"

வேண்டாம். பனியைப் பார்த்து நிற்க அவளுக்கு ஏது நேரம்.

இரண்டாவது: "நவமணி பொறுமைசாலி. எதையும்"

இது அதைவிட மோசம். பொறுமைசாலி என்று எழுதியதும் நாம் எல்லாரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். அவள் பொறுமைசாலி இல்லை. வேறு ஆள் இல்லை, அதுதான் விஷயம்.

மூன்றாவது நிற்கட்டும்:

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் சாலையில், மழையில், கார் குலுங்கியது. வேகம் கூட்ட நவமணி எண்ணெய் மிதியை அழுத்தினாள். முன்னே போகாமல் வண்டி இடறியது, திக்கியது, மறுபடி இடறியது. எரியாத பெட்ரோல் வாடை உள்ளே வந்தது. பின்னால் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரி ஆரனடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. பக்கத்து இருக்கையில் வேலம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு டயலிசிஸ். டயலிசிஸ் செய்யும் இடத்தில் ஏர்கோன் குளிர் தாங்காது என்று வீட்டிலேயே ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வாள்.

கார் கடைசியில் ஓரமாக நின்றேவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி மறுபடி கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நேரம் போய்விட்டிருந்தது. அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். இயந்திரத்தில் வேலம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். காலில் ஏறியிருந்த நீர் அப்படியே இருக்க, நவமணி அவளைத் திரும்பக் கூட்டி வந்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் நீர் நெஞ்சுக்கு ஏறும் என்று தாதி சொல்லி அனுப்பினார்.

(காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் எல்லாரும் உங்கள் வீட்டுக் கார்க் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள். அப்பா வாங்கியது, வயசானது, இதுவரை ஒழுங்காக ஓடியது. போதும்.)

3.

புனிதன் ஷா ஆலாமில் ஒரு லோரிக் கம்பெனியில் சூப்பர்வைசர். வண்டி என்றால் அந்தக் குடும்பத்தில் அவன் சொல்வதுதான் சட்டம். நவமணி போனில் நடந்ததைச் சொன்னாள். கார் எப்படி இடறியது, எப்போது இடறியது என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இஞ்சின் போச்சு மணி. அந்தக் காட்டு ரோட்டுல நீயும் எத்தன நாளைக்கு அல்லாடுவ? வித்துருவோம்லா. புக்கிட் செந்தோசா பக்கம் வயசானவங்க ஹோம் ஒன்னு இருக்கு, அவங்களே டயலிசிஸுக்கு வேன் வச்சிருக்காங்க. சனிக்கெழம வந்து அம்மாவ கூட்டிப்போய் காட்டிர்றேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வேலம்மாவுக்கும் கேட்டது. எழுந்து போய், அலமாரிக்கு மேலிருந்த பையை எடுத்து, இரண்டு கைலியும் ஒரு துண்டும் மடித்து வைத்தாள். கேட்டதற்கு, "ஒனக்கும் வேல இருக்குல்ல" என்றாள். நவமணி பையைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அம்மா மேல் வந்த கோபமில்லை அது. ஆனால் பை அம்மா கையில்தானே இருந்தது.

(புனிதனை முழுக் கெட்டவனாக எழுத எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை எடுத்து வருவான். காலில் விழுவான். விழுந்து எழும்போது நிஜமாகவே கண் கலங்கியிருக்கும். போனமாசம் ஆயுத பூஜைக்கு அவனாகவே வந்து, காரைக் கழுவி, மூடியைத் திறந்து இஞ்சினையும் குழாய் போட்டுப் பீய்ச்சிக் கழுவி, பொட்டு வைத்து, குடும்ப வாட்சாப்பில் படம் போட்டான். கீழே பதிலாக எத்தனை கைகூப்பல் எமோஜி, எத்தனை பூ. அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.)

4.

இந்த இடத்தில் ஒரு நல்ல மெக்கானிக் வர வேண்டும். எழுதியும் பார்த்தேன். கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே "கவலப்படாத தங்கச்சி" என்றார். வெளியே போங்கள் ஐயா என்று அனுப்பிவிட்டேன். அப்பா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு பத்தி இருந்தது, அதையும் அடித்தேன். அவள் யூடியூப்பில் பார்த்தாள். யாரோ ஒரு மலாய்க்காரத் தம்பி, முகம்கூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகுமுன், நவமணி சமையலறையின் தடித்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினாள். இஞ்சின் நொண்டிக்கொண்டே ஓடியது. பெட்ரோலைப் பற்றவைக்க நான்கு சிலிண்டருக்கும் நான்கு பிளக், நான்கு கம்பி. ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். வேலை செய்கிற சிலிண்டரின் கம்பியைப் பிடுங்கினால் இஞ்சின் இன்னும் தடுமாறும். பிடுங்கியும் சத்தம் மாறவில்லை என்றால், அதுதான் சும்மா இருக்கிற சிலிண்டர்.

முதல் கம்பி. இஞ்சின் அணைவதுபோல் உதறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினாள். ஒரு மாற்றமும் இல்லை. நான்காவதையும் விடாமல் பார்த்தாள், உதறியது.

(உங்களுக்கு இப்போது ஓர் உவமை தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. அடித்துவிட்டேன். சும்மா இருக்கிற சிலிண்டர் ஸ்டேட்டஸ் போடுவதில்லை. அதைப் போய் அவமதிப்பானேன்.)

இஞ்சினை அணைத்துவிட்டு, மூன்றாவது பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் டார்ச் அடித்தாள். அடியில் தண்ணீர். கம்பியின் ரப்பர் தலை கறுத்து வெடித்திருந்தது. துணியைத் திணித்துத் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். துணி மஞ்சளாக வந்தது. துரு என்று நினைத்து மூக்கருகே கொண்டுபோனாள். துருவுக்கு மஞ்சள் வாசம் வராது.

போனை எடுத்து வாட்சாப்பில் போனமாசத்துப் படத்தைத் தேடினாள். மூடி திறந்திருக்கிறது. புனிதன் சட்டையில்லாமல், நெற்றி நிறையத் திருநீறுடன், ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை இஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டிருக்கிறான். கீழே அவனே எழுதியிருந்தான்: அம்மாவின் ரதம்.

நவமணி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். அச்சில் போட முடியாது, ஆனால் சரியான வார்த்தை.

அப்புறம் கடைக்குப் போய் ஒரு பிளக்கும் கம்பிகளும் வாங்கி வந்தாள். குழியைக் காயவைத்து மாட்டிக் கிளப்பினாள். இஞ்சின் இடறாமல் ஓடியது.

5.

முடிவு அ: அந்தப் பிளக்கைப் படமெடுத்து, அண்ணன் படத்துக்குக் கீழே போடுகிறாள். எழுதிப் பார்த்தேன். புனிதன் கைகூப்பல் ஒன்று போட்டுவிட்டு, 'கடவுள்தான் காட்டிக்கொடுத்தார்' என்கிறான். தூ.

முடிவு ஆ: யாரிடமும் சொல்லாமல் அவள் காரை ஓட்டிக்கொண்டே இருக்கிறாள். செவ்வாய், வியாழன், சனி. இது நடக்கக்கூடியது, அதனால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. கார் கெட்டால் அம்மா ஹோமுக்குப் போவாள். கார் நன்றாக ஓடினால், 'அதான் மணி சமாளிக்கிறாளே' என்பார்கள். எப்படிப் போனாலும் அவன் ரொட்டி தின்றுகொண்டிருப்பான்.

இரண்டையும் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நவமணி எனக்காகக் காத்திருக்கவில்லை.

6.

சனிக்கிழமை காலையிலேயே புனிதன் வந்துவிட்டான். காரை விலைக்கு எடுக்க வந்து பார்க்கும்படி ஓர் ஆளிடமும் சொல்லிவைத்திருந்தான். வேலம்மா ஸ்வெட்டர் போட்டு, அதே காரின் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"எங்கம்மா கெளம்பிட்ட? இந்தக் கார் எதுக்கு, ஹோமுக்கு என் காடியிலயே போலாம்லா."

"டயலிசிஸ்" என்றாள் நவமணி.

"இன்னிக்கா?"

நான் இந்த ஒரு வார்த்தையைக் கற்பனை செய்யவில்லை, அது தானாக வந்தது. எத்தனையோ சனிக்கிழமைகள் போய்விட்டன, இன்னிக்கா என்று கேட்கிறான். நவமணி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். இஞ்சின் ஒரே சீராக ஓடியது. புனிதன் காதைக் கொடுத்துக் கேட்டான். வண்டி தெரிந்தவன், அவனுக்குப் புரியாமலில்லை.

அவள் இறங்கினாள். மஞ்சள் படிந்த பழைய பிளக்கைத் தன் கைப்பையிலிருந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீ ஊத்துன தண்ணிதான், வேற ஒன்னும் இல்ல. இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. அம்மா எங்கயும் போவல. சனிக்கெழம இனிமே ஒன்னோடது. ஏறு, ஓட்டு."

புனிதன் பிளக்கைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். ஓட்டுநர் கதவு திறந்தே கிடந்தது. கேலி செய்ய வேலம்மாவுக்குத் தெரியாது, நேரமாகிவிடுமே என்ற பயம்தான். குனிந்து அந்தக் கதவு வழியாக மகனைப் பார்த்துக் கேட்டாள்:

"புனிதா, ஒனக்கு எடம் தெரியுமாய்யா?"

இதற்கு அவன் என்ன சொன்னான் என்று நான் எழுதித் தர மாட்டேன். எழுதினால் ஒரு நல்ல பதிலைக் கொடுத்து அவனைக் காப்பாற்றிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

பக்கத்து மேசைக்காரரே, கையைக் கழுவிவிட்டு வாருங்கள். கதவு திறந்திருக்கிறது, உங்கள் அம்மா கேட்கிறார்.