பச்சை ஜன்னல்

அக்காவை அடித்துத் துவைத்த அத்தானின் கணுக்காலில், அவன் இருக்குமிடம் காட்டும் பட்டையை நீதிமன்றம் மாட்டிவிட்ட பிறகுதான் அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். அவனை அத்தான் என்று சொல்லவே தங்கைக்கு நா கூசும். அவன் அக்கா வீட்டுப் பக்கம் வந்தால் பட்டை காட்டிக்கொடுத்துவிடும், அக்காவின் போனுக்குச் செய்தி போகும். பட்டையிலிருந்து போன் வரை அந்தச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது தங்கையின் ஆபீஸ். ஊருக்கு ஒரு குபர்னெட்டீஸ் கிளஸ்டர், அதாவது சேர்ந்து உழைக்கும் கணினிக் கூட்டம், சோதனைக்கென்று இன்னொன்று. அத்தனையையும் கட்டி மேய்ப்பவள் தங்கை. "நான் இருக்கும்போது உனக்கு என்னக்கா பயம்" என்று பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தாள்.

அவள் திரையில் கட்டளை அடிக்க இரண்டு ஜன்னல்கள். பச்சை சோதனைக்கு, சிவப்பு சொந்த ஊருக்கு. அன்று மதியம் சிவப்பு ஜன்னலில் ஊர் கிளஸ்டருக்கு மாறி எதையோ சரிபார்த்தாள். ஒரு ஜன்னலில் மாறினால் மற்றதும் சேர்ந்து மாறிவிடும், நிறம் மட்டும் அப்படியே இருக்கும். இந்த எழவு அவளுக்குத் தெரியாததல்ல. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே இதைப் பாடம் எடுப்பாள். பசி வேறு வயிற்றைக் கிள்ளியது. பச்சையைப் பார்த்ததும், சோதனைதானே என்று கை தானாக அடித்தது: ஓடும் எல்லா வேலைகளையும் அழி. அடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது பக்கத்து இருக்கைக்காரன், எல்லோரும் மொட்டை என்று கூப்பிடுபவன், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"நம்ம ஊரு செத்துக் கிடக்கு. யாரோ மொத்தத்தையும் அழிச்சிருக்காங்க."

யாரோ என்ன யாரோ. பச்சை ஜன்னலில் அவள் அடித்ததுதான். அக்காவுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை.

"நீ தூக்கி நிறுத்து" என்று மொட்டையிடம் சொல்லிவிட்டு ஓடினாள். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி.

கதவு கீலோடு பெயர்ந்து கிடந்தது. பட்டையின் விளக்கு அணைந்ததைப் பார்த்ததுமே அவன் கிளம்பி வந்திருக்க வேண்டும். அடுப்படியில் அவன் அக்காவின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான், ஆணி அடிப்பவனைப் போல நிதானமாக. அக்காவின் பல் ஒன்று தரையில் கிடந்தது. தங்கை இரும்பு வாணலியைத் தூக்கி அவன் முதுகில் போட்டாள். அவன் திரும்பி அவளுடைய வலது கையைப் பிடித்து, அடுப்பு மேடை விளிம்பில் வைத்து அழுத்தினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

அதற்குள் அக்கா அதே வாணலியை எடுத்து அவன் மண்டையில் இறக்கினாள். அவன் விழுந்த பிறகும் இறக்கினாள். வாங்கிய அடிகளுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் கொடுத்து முடித்துத்தான் நிறுத்தினாள். அவன் அசையவில்லை.

அப்போது அக்காவின் போன் கூவியது. மொட்டை தூக்கி நிறுத்திவிட்டான். 'எச்சரிக்கை. அவர் உங்களை நெருங்குகிறார்.'

அக்கா அதைப் படித்துவிட்டு ரத்தத்தைத் துப்பினாள்.

"இப்ப வந்து சொல்லுது பாரு. நீ இருந்தும் கோட்டை விட்டிருக்கானுங்க. எவன் பண்ணானோ அவன் கையை ஒடிக்கணும்டி."

தங்கை தொங்கிக்கொண்டிருந்த வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தாள்.

"ஒடிஞ்சிடுச்சுக்கா" என்றாள்.