அந்த விலாசத்தில் ஆள் இல்லை

இப்போதெல்லாம் யாரும் நேரில் வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை. செல்போனில் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு, சீர் செய்து முடித்த மாதிரி கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். ராக்கையாவுக்கு அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மகள் யுவராணிக்கு டெல்லியில் சர்க்கார் வேலை கிடைத்த செய்தி பரவிய அன்று, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன்கூட விரலைத்தான் அனுப்பினான். "சந்தோசம்னா வந்து சொல்லு. வயிறு எரியுதுன்னாலும் வந்து சொல்லு. இதென்னய்யா, பஸ்ஸை மறிக்கிற மாதிரி வெரலைக் காட்டுறது?" என்று திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துக்கொண்டே திட்டித் தீர்த்தார்.

நேரில் வந்தவன் ஒரே ஒருவன்தான். மனைவி கஸ்தூரியம்மாளின் தம்பி சுருளிராஜன். கம்பத்திலிருந்து அல்வாவும் மிக்சரும் வாங்கி வந்து, அக்காள் வாயில் ஒரு துண்டை ஊட்டிவிட்டு, "எங்க வம்சத்துலயே பிளேனைத் தொட்டுப் பாக்குற மொத ஆளு" என்று கண் கலங்கினான். அந்தக் கண்ணீரை ராக்கையா நம்பினார். தேங்காயைக்கூடச் சுண்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, கடைசியில் வாங்காமல் வருகிற மனிதர், அன்றைக்கு நம்பித் தொலைத்தார். பின்னால் அவரைக் குடைந்ததும் அதுதான்.

ராக்கையா ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மகளின் வேலையைப் பற்றி அவருக்குப் புரிந்தது இவ்வளவுதான்: விமானக் கம்பெனிக்காரன் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொன்னால், அதை நம்பாமல் தானே போய்த் திறந்து பார்க்கிற அதிகாரி. எங்காவது ஒரு விமானம் ஓடுபாதையை விட்டுச் சறுக்கினால் ஏன் சறுக்கியது என்று கண்டுபிடிப்பதும் அந்த ஆபீஸ்தான். நம்பாமல் இருப்பதற்கு மாதச் சம்பளம் என்பது அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. "இதைத்தான நான் காலம்பூராச் சம்பளமில்லாமப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

யுவராணி கோயம்புத்தூரில் விமானத்துக்கான இஞ்சினியரிங் படித்தாள். பிறகு பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியின் விமானக் கொட்டகையில் வேலை. அங்கே இருந்துகொண்டே சர்க்கார் தேர்வுக்கும் படித்தாள். "நல்ல வேலையை விட்டுட்டு எதுக்கு இது?" என்று அம்மா கேட்டபோது, "கம்பெனிக்காரன் சீக்கிரம் முடி, சீக்கிரம் முடின்னு நிப்பான்மா. வேணாம், இன்னைக்குப் பறக்க வேணாம்னு சொல்ற இடத்துல நான் இருக்கணும்" என்றாள். முதல் தடவை நேர்காணல் வரை போய்த் திரும்பினாள். இரண்டு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அடுத்த தடவை பெயர் வந்தது.

இந்த இரண்டு தடவைக்கும் நடுவில்தான் சுருளிராஜன் தன் மகன் ராஜபாண்டிக்குப் பெண் கேட்டு வந்தான். தாய்மாமன் மகன், முறை உண்டு, கேட்டதில் தப்பில்லை. ராக்கையாவின் வாய்தான் சும்மா இருக்கவில்லை. "எம் மக பிளேன் இஞ்சினைப் பிரிக்கிறவ. உன் மகன் பம்புசெட்டைப் பிரிக்கிறவன். ரெண்டும் மோட்டாருதானன்னு தட்டைத் தூக்கிட்டு வந்துட்டியாக்கும் மாப்ள?" சுருளிராஜன் பூவும் பழமும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அடுத்த வாரமே ஒன்றும் நடக்காதவன் போல வந்து அக்காளிடம் சோறு வாங்கித் தின்றான். கோபப்பட்டிருந்தால் ராக்கையாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேலையில் சேரச் சொல்லி உத்தரவு வரும் என்று எல்லோரும் காத்திருந்தபோது, யுவராணி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து இறங்கினாள். தோள்பையைக் கழற்றவில்லை.

"அப்பா, நம்ம வீட்டுக்கு போலீஸ் விசாரணைக்கு யாரும் வந்தாகளா?"

"போலீசா? நம்ம என்ன களவாண்டோம்?"

"வேலையில சேக்கறதுக்கு முன்னாடி, நான் குடுத்த விலாசத்துல இருக்கேனா, கேசு கீசு உண்டான்னு விசாரிப்பாகப்பா. தேனி போலீஸ் ஆபீஸ்லருந்து பதில் போயிருக்கு. அந்த விலாசத்துல அப்படி ஆளே இல்ல, குடும்பமே ஊரை விட்டுப் போயிருச்சுன்னு."

கஸ்தூரியம்மாள் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "நாங்க இங்கனதான ஆத்தா இருக்கோம்?"

"பொய் விலாசம் குடுத்தவன்னு ஆயிரும்மா. வேற பதில் சீக்கிரம் போகலைன்னா என் பேரை எடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாக. இன்னொரு தடவை எழுத எனக்கு வயசு இல்ல."

ராக்கையா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ஊருக்குள் புது ஆள் யார் வந்தாலும் முதலில் வழி கேட்பது, பஸ் நிற்கிற முக்கில் இருக்கும் சுருளிராஜனின் மோட்டார் காயில் கட்டுகிற கடையில்தான்.

சுருளிராஜன் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். மகளையும் தகப்பனையும் சேர்த்துப் பார்த்ததும் எழுந்தான். "வா ஆத்தா! எப்ப வந்த?"

"அது கெடக்கட்டும்" என்றார் ராக்கையா. "எவனாச்சும் எம் மக பேரைச் சொல்லிக் கேட்டு வந்தானா?"

"வந்தான் மச்சான், போன மாசம். பைக்குல வந்தான். பேண்ட் போட்டு, கையில பைலு. யுவராணி வீடு எதுன்னான். அப்படி யாரும் இல்லப்பா, குடும்பத்தோட போயிட்டாகன்னு திருப்பி அனுப்பிட்டேன்." பரிசு கொடுப்பார்கள் என்று நினைத்தவன் போல நின்றான்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஆற்றில் அனுமதியில்லாமல் மோட்டார் வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இழுப்பவர்களைப் பிடிக்க அதிகாரிகள் அடிக்கடி வருவார்கள். ஒரு தடவை எவனோ ஒருவன் கையை நீட்டிக் காட்ட, ராக்கையாவின் மோட்டாரைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலமே சாவடியில் ஊரைக் கூட்டி அவர் ஒரு கட்டுப்பாடு போடவைத்தார். வெளியாள் எவன் பைலோடு வந்து யார் பேரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். மீறினால் கோவில் திருவிழாவில் வரி வாங்கமாட்டார்கள். வரி வாங்காவிட்டால் ஊரில் ஆளே இல்லை என்று அர்த்தம். அதோடு விடாமல், தன் பேரில் எதுவும் இருக்கக் கூடாதென்று தோட்டத்தையும் கரண்ட் இணைப்பையும் யுவராணி பேருக்கு மாற்றினார். அந்த இணைப்பு வேலையைச் செய்து கொடுத்தவன் சுருளிராஜன்.

"கரண்ட் அவ பேர்ல இருக்கு. பைலோட ஒருத்தன் அவ பேரைக் கேக்குறான். நான் என்னன்னு நெனைக்கிறது?" என்றான் அவன் இப்போது.

"போலீஸ்னு சொல்லலையா மாமா?" என்று யுவராணி கேட்டாள்.

"எங்கிட்டச் சொல்லல ஆத்தா. சத்தியமா."

"வேலை விசயமான்னாவது?"

"இல்லவே இல்ல."

ராக்கையா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாணிக்கு அடியில் என்ன ஊர்கிறது என்று பார்ப்பது போன்ற பார்வை அது. "நாளைக்குத் தேனிக்கு வா. நாந்தான் தப்பாச் சொன்னேன்னு உன் வாயால சொல்லு" என்றார்.

சுருளிராஜனின் முகம் மாறியது. "போலீஸ்கிட்டப் போயி, நான் பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுக்கவா? உள்ள தூக்கி வச்சா எங் கடையை யாரு பாக்குறது?"

"பாத்தியா? பாத்தியா?" என்று மகள் பக்கம் திரும்பினார் ராக்கையா. "தம் பேர்ல குத்தம் இல்லாதவன் எதுக்குப் பயப்படுறான்?"

அன்றைக்குக் கஸ்தூரியம்மாள்தான் போனாள். தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து, "நீ வர்ற வரைக்கும் நான் இங்கனருந்து எந்திரிக்க மாட்டேன்" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில், "சரிக்கா, எந்திரி. வந்து தொலைக்கிறேன்" என்றான்.

காலையில் சுருளிராஜன் தன் வண்டியில் முன்னால் போய்விட்டான். தகப்பனும் மகளும் பஸ்ஸில் போனார்கள். உத்தமபாளையம் தாண்டும்வரை ராக்கையா ஒரே பல்லவிதான். "வேணும்னுதான் செஞ்சிருக்கான். பொண்ணு குடுக்கலைங்கிற காந்தல்."

"அப்பா, எங்க வேலையில ஒண்ணு தப்பாப் போச்சுன்னா யாரு செஞ்சதுன்னு மொதல்ல கேக்க மாட்டோம். ஏன் நடந்துச்சுன்னுதான் கேப்போம். யாருன்னு கேட்டா அம்புட்டுப் பேரும் வாயை மூடிக்குவாக. அடுத்த பிளேனும் அதே மாதிரி போகும்."

"சரி, கேளு. ஏன் நடந்துச்சு?"

"யாரு வந்து கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்னு ஊருக்குள்ள ஒரு ஏற்பாடு இருந்துச்சு. அதனால நடந்துச்சு."

"அதைப் போட்டது நானு. அதான சொல்ல வர்ற?"

"யாருன்னு நான் கேக்கவே இல்லையேப்பா."

"கேக்காமலே சொல்லிட்ட." ராக்கையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னமனூர் வாழைத்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. பெற்ற மகளும் அவன் பக்கம் சாய்கிறாள் என்றுதான் அவருக்குப் பட்டது. வீரபாண்டி வந்தபோது திரும்பாமலே சொன்னார்: "நட்டுக்கும் போல்ட்டுக்கும் வயித்தெரிச்சல் கெடையாது. அதுகிட்ட ஏன்னு கேட்டாப் போதும். மனுசப்பயகிட்ட யாருன்னு கேக்கணும்."

தேனி ஆபீஸில், ஊருக்கு விசாரிக்க வந்த ஏட்டே இருந்தார். யுவராணி தன் தேர்வுக் கடிதத்தையும் அடையாள அட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். ஏட்டு பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பஸ் ஸ்டாப்புல கேட்டேன்மா. போயிட்டாகன்னாரு. ரெண்டு கடை தள்ளி இன்னொருத்தரைக் கேட்டேன். அவரும் தெரியாதுன்னாரு. அப்புறம் நான் என்ன எழுதுறது?"

ராக்கையா குறுக்கே புகுந்தார். "நீங்க போலீஸ்னு இவன்கிட்டச் சொன்னீகளா, இல்லையா?"

"சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீகளா, சொன்னீகளா?"

"பெரியவரே, நீங்க என்னைய விசாரிக்க வந்தீகளா, நான் உங்களை விசாரிக்கணுமா? ஒரு நாளைக்கு எத்தனை ஊருக்குப் போறேன். வழக்கமாச் சொல்றதுதான். இவருகிட்டச் சொன்னேனான்னு இப்பக் கேட்டா?"

சுருளிராஜன் மூலையில் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றான். உள்ளே கூப்பிட்டு மேலதிகாரி அவனை வாங்கு வாங்கென்று வாங்கியது வெளியே கேட்டது. "ஒரு பொண்ணு வாழ்க்கையோட விளையாடுறியா?" என்ற குரல் வந்தபோது யுவராணி தரையைப் பார்த்தாள். ராக்கையா கதவையே பார்த்தார். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் நனைந்த கோழி போல இருந்தான்.

மறுநாள் காலை தானே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே புதிய அறிக்கை அனுப்பிவிடுவதாக ஏட்டு சொன்னார். டெல்லிக்கும் மெயில் போகும். "வேலைக்கு ஒண்ணும் மோசம் வராதும்மா, போங்க" என்றார். யுவராணி மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

வெளியே வேப்பமரத்தடியில் வண்டிகள் நின்றன. சுருளிராஜன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அருகே வந்தான். "முடிஞ்சிருச்சு மச்சான். வாங்க, ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போவோம்."

ராக்கையா நகரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மாப்ள. கட்டுப்பாடு என்ன? தெரியாதுன்னு சொல்லணும். அம்புட்டுத்தான். ரெண்டாவது கடைக்காரன் அதைத்தான் சொன்னான். குடும்பமே போயிருச்சுன்னு நீ எதுக்குச் சொன்ன?"

"தெரியாதுன்னா அடுத்த வீட்டுல போய்க் கேப்பான் மச்சான். போயிட்டாகன்னா அப்படியே வண்டியைத் திருப்பிருவான்னு நெனச்சேன்."

"அவன் திருப்பலையே. அடுத்த கடையிலயும் கேட்டான்ல?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன மச்சான், எழுதியும் குடுத்துட்டேன், ஏச்சும் வாங்கிட்டேன், இன்னமும் நோண்டுறீக! எங்க வீட்டுக்கு வரவேண்டிய புள்ளைக்கு நானா குழி பறிப்பேன்?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாயைத் துண்டால் துடைத்தான்.

"வரவேண்டிய புள்ள" என்றார் ராக்கையா மெதுவாக. "அப்ப அது இன்னும் உள்ள கெடக்கு."

"அப்பா." யுவராணி அவர் கையைப் பிடித்தாள். "முறைக்கு அப்படித்தான் சொல்வாக. மாமா வந்து சொன்னதாலதான் எனக்கு வேலை நெலச்சிருக்கு. பாவம், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாரு. வாங்கப்பா, டீ குடிப்போம்."

"நீ குடி ஆத்தா. உனக்கு அங்க ஏன்னு கேட்டாப் போதும்னு சம்பளம் குடுப்பாக. எனக்கு எவன் குடுக்குறான்?"

கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். "மச்சான், வெயில்ல எங்க போறீக? வண்டியில ஏறுங்க" என்று பின்னாலிருந்து சுருளிராஜன் கூப்பிட்டான். மகளும் ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு அவர்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டே டீக்கடைப் பக்கம் திரும்பியது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. ஒருவேளை உண்மையிலேயே தெரியாமல் செய்திருப்பானோ என்று நாலு எட்டு வரை நினைத்துப் பார்த்தார். நினைப்பு ஒட்டவில்லை. தெரியாமல் செய்தவன் இவ்வளவு சுருக்காகப் பதில் வைத்திருக்கமாட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ரோட்டோரமாக நடந்தார்.