கருக் காந்தப் பரிவு

கடிதம் தோட்டத்து ஆபீஸில் மூன்று நாள் கிடந்திருக்கிறது. வியாழக்கிழமை கைக்கு வந்ததும் சுஜீவன் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, யாராவது பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்தான். அப்படித் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அவனுக்கு நிம்மதியைத் தரவில்லை.

மனைவி யூஜினா இறந்து எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் அவள் பேரில் எதுவும் வந்ததில்லை. இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு வந்திருக்கிறது. ஒரே தாளில் மூன்று மொழி. தமிழ்ப் பகுதி நடுவில் இருந்தது.

‘காலஞ்சென்ற திருமதி யூஜினா சுஜீவன் அவர்களின் சத்திரசிகிச்சையின்போது பெறப்பட்ட மென் இழைய மாதிரி கருக் காந்தப் பரிவு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து வைத்திருப்பதா, முறைப்படி அப்புறப்படுத்துவதா என்பது குறித்து உறவினரின் விருப்பத்தை ஒரு மாதத்துக்குள் அறியத் தரவும்.’

அவன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். கல்வியியற் கல்லூரியில் தமிழுக்கு முதலாவதாக வந்தவன். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லில் நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கரு என்ற சொல்லில் நின்றான். அதற்குப் பிறகு காந்தமும் பரிவும் ஏதோ மெஷினின் பெயராக மட்டுமே கண்ணில் பட்டன. மென் இழையம். கரு. அப்புறப்படுத்துவதா.

யூஜினாவுக்கு வந்தது தொடையில் ஒரு கட்டி. அதைத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். ஐந்து மாதத்தில் நோய் நெஞ்சுக்கு ஏறி அவள் போய்விட்டாள். அவனுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். தொடைக் கட்டியில் கரு எங்கிருந்து வந்தது?

நினைக்க நினைக்க ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஆப்பரேஷனுக்கு முந்தின மாதம் தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வாசம் வந்தாலே அவள் ஜன்னலைச் சாத்தினாள். காலையில் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். மருந்து என்றாள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பைலோடு வந்து, “கடைசியா மாசம் எப்ப வந்திச்சு?” என்று கேட்டபோது அவன் பக்கத்தில்தான் நின்றான். அந்த நேரம் பார்த்து யூஜினாவின் அக்கா றோசலின் அவனைத் தண்ணீர் போத்தல் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். அது பொம்பளைகள் வார்ட். இரவில் கூட நிற்க அவனை விடவில்லை. நின்றது றோசலின்.

போத்தல் வாங்கிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அது இப்போது ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் விஞ்ஞான ஆசிரியர் கணேசமூர்த்தியிடம் போனான். கடிதத்தை நான்காக மடித்து, ஒரு சொல் மட்டும் தெரிய மற்றதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான்.

“சேர், கருவை வச்சு ஆய்வு செய்றதுன்னா என்ன?”

கணேசமூர்த்தி ரொட்டியை மென்றுகொண்டே பார்த்தார். “என்னா மாஸ்டர், பாட்டோட கருவைத் தேடி முடிஞ்சிச்சா? எங்க பக்கம் எறங்கிட்டீங்க?”

“சும்மா ஒரு சந்தேகம்.”

“வயித்துல தங்கி ரெண்டு மூணு மாசத்துல இருக்கிறது. அதை எடுத்து வச்சு வளர்ச்சியைப் பாப்பாங்க. வெளிநாட்டுல நெறைய செய்றாங்க. கைய எடுங்களேன், முழுசாப் பாப்போம்.”

“வேணாம் சேர்.”

கையை எடுத்திருந்தால் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அவன் எடுக்கவில்லை. கணேசமூர்த்தியின் வாய்க்குப் போனது பஸ் ஹட்டன் போய்ச் சேருவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

றோசலின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். சனிக்கிழமையும் அரை நாள் வேலை. அவன் போனபோது அவள் ஒன்றை மடியிலும் இன்னொன்றைக் காலிலும் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கூரைக்குக் கீழே வரிசையாகத் துணி ஏணைகள் தொங்கின.

“வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“யூனிவர்சிட்டியில இருந்து கடிதம் வந்திருக்கு அக்கா.”

அவள் கால் ஆட்டுவதை நிறுத்தியது. அதை அவன் பார்த்தான்.

“என்ன கடிதம்?”

“ஆஸ்பத்திரியில யூஜினாகிட்ட இருந்து எடுத்ததைப் பத்தி. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

மடியில் கிடந்தது சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்.

“தெரியும்.”

“ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“அவதான் சொல்ல வேணாம்னா. கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டா தம்பி. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்காதுன்னா. உங்களுக்கும்தான்.”

“என்கிட்டயே மறைக்கிற விஷயமா இது?”

“சின்ன விஷயம்தானே தம்பி. அவ்வளவு சின்னது. அவளே போயிட்டா, இனி அதைக் கிளறி…”

சின்னது. அவனுக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்துவிட்டான். பின்னால் அவள் கூப்பிட்டாள். இரண்டு குழந்தையைப் போட்டுவிட்டு எழும்பி வர அவளால் முடியாது என்று தெரிந்தே வேகமாக நடந்தான்.

நேராக மாமியின் லயத்து வீட்டுக்குப் போனான். ஜீவராணி முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்தவள். மகள் போன பிறகும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஒரு நாள் பிந்தாதவள். காம்பரா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“மாமி, யூஜினா மாசமா இருந்திருக்கா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆப்பரேஷன்ல அதையும் எடுத்திட்டாங்க. மெஷின்ல போட்டு ஆராய்ச்சி பண்றாங்க. றோசலின் அக்காவுக்கு அப்பவே தெரியும்.”

சொல்லிவிட்டு நின்றான். அழுகை வரும் என்று நினைத்தான், அவளுக்கோ தனக்கோ. வரவில்லை. ஜீவராணி கீரைக்காம்பை ஒவ்வொன்றாக மடியிலிருந்து தட்டினாள்.

“எத்தின மாசம்?”

“தெரியாது. ரெண்டு, மூணு.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“தெரியாது மாமி.”

“கேட்டுக்கிட்டு வாங்க,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை றோசலின் இரண்டு முறை வந்து அவன் கதவைத் தட்டினாள். “தம்பி, பிள்ளைன்னு யாரு சொன்னா? கதவைத் தெறங்க, நான் சொல்றதைக் கேளுங்க,” என்றாள். அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். மாட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டான். அந்தப் பகல் முழுக்க விரல் விட்டு எண்ணினான். இருந்திருந்தால் இப்போது எத்தனை மாதக் குழந்தை. தவழுமா, உட்காருமா. எட்டு மாதமாக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று உள்ளே அசைந்தது.

திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஹட்டன். அங்கிருந்து கண்டி பஸ். கினிகத்தேனை வளைவுகளில் கம்பியைப் பிடித்தபடி, என்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தினான். முதலில் பிள்ளையைக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றது.

பல்கலைக்கழக வாசல் காவலாளி சிங்களத்தில் விசாரித்தான். சுஜீவன் கடிதத்தைக் காட்டினான். காவலாளி யாருக்கோ போன் செய்தான். வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண் படியிறங்கி வந்தாள். முப்பது வயதிருக்காது.

“நான் தனுஷிகா. இங்க ஆராய்ச்சி உதவியாளர். சேர் பொகவந்தலாவைதானே? நான் நோட்டன் பிரிட்ஜ்.”

ஊர்க்காரி. இவளைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவனுக்குப் பட்டது.

ஆய்வுகூடத்துக்கு வெளியே மணிக்கூட்டையும் போனையும் ஒரு தட்டில் வைக்கச் சொன்னாள்.

“ஏன், படம் எடுத்துருவேன்னா?”

“இல்ல சேர், காந்தம். மணிக்கூடு நின்னுரும்.”

உள்ளே பெரிய குகை மாதிரி ஒரு மெஷினை எதிர்பார்த்திருந்தான், யூஜினாவைப் படுக்கவைத்துத் தள்ளிய ஸ்கேன் மாதிரி. மேசையில் இருந்தது தையல் மெஷின் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. நடுவில் விரல் போகிற அளவு ஒரு துளை. அவ்வளவுதான். மூலையில் குளிர்பெட்டி ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

“பிள்ளைய அதுக்குள்ளயா வச்சிருக்கீங்க?”

“எந்தப் பிள்ளை சேர்?”

கடிதத்தை மேசையில் விரித்து அந்தச் சொல்லில் விரலை வைத்தான். அவள் குனிந்து படித்தாள். மறுபடியும் படித்தாள். அவள் கை வாய்க்குப் போனது.

“ஐயோ. சேர், இது அந்தக் கரு இல்ல.”

“வேற எந்தக் கரு?”

“அணுவோட கரு. அணுவுக்கு நடுவுல இருக்குமே, நியூக்கிளியஸ். ஏ.எல். வகுப்புல பௌதிகவியல் செஞ்ச எங்களுக்கு அது பழகிப் போச்சு. இதைத் தமிழ்ல எழுதினது நான்தான். வாசிக்கிறவங்க இப்படி நினைப்பாங்கன்னு…” நிறுத்தினாள். “சேர் என்ன பாடம்?”

“தமிழ்.”

அவள் கடிதத்தை மெல்ல அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நல்லாத்தான் சொல்றீங்க,” என்றான். “பைலைக் காட்டுங்க.”

காட்டினாள். அவன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். ஆப்பரேஷனுக்கு இரண்டு நாள் முந்திய திகதியில் ஒரு பரிசோதனைச் சீட்டு. கர்ப்பம் இல்லை. திகதியை யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று சரித்துப் பார்த்தான். அடுத்தது சம்மதப் பத்திரம். வெட்டி எடுக்கும் தொடைத் தசையிலும் கட்டியிலும் மிஞ்சுகிற ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். யூஜினாவின் கையெழுத்து. அவள் ‘ஜி’யின் மேல்விலங்கை எப்போதும் அடுத்த எழுத்துக்கு மேலே இழுத்துவிடுவாள். இழுத்திருந்தாள். சாட்சி என்ற இடத்தில் றோசலின்.

ஒரு துண்டுச் சதை. அதைத்தான் மறைத்திருக்கிறார்கள். உடம்பு முழுசாகச் சவப்பெட்டிக்குள் போக வேண்டும் என்று நினைக்கிற ஒரு தாயிடமிருந்து.

“அதைக் காட்ட முடியுமா?”

தனுஷிகா குளிர்பெட்டியைத் திறந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தாள். அடியில் வெளிர்ந்து போன ஏதோ ஒன்று, புளியங்கொட்டை அளவு. துளைக்குள் இறக்கினாள். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். டிக் என்று சின்னச் சத்தம். திரையில் ஒரு கோடு உயர்ந்து, வளைந்து இறங்கியது.

“சதையில இருக்கிறது பாதிக்கு மேல தண்ணிதான் சேர். தண்ணியில ஐதரசன் இருக்கு. அதோட கருவெல்லாம் காந்தத்துல ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நிக்கும். ரேடியோ அலையால ஒரு தட்டுத் தட்டினா கலைஞ்சு, பிறகு பழையபடி அடங்கும். அடங்குறப்போ வர்ற சைகையைத்தான் இந்தக் கோடு காட்டுது. நல்ல சதை தண்ணியை இறுக்கிப் புடிச்சிருக்கும், சீக்கிரம் இறங்கிரும். கட்டியில தண்ணி தளர்ந்து கிடக்கும், இறங்க நேரமாகும். கத்தி வைக்காமலே ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியுமான்னு பாக்குறோம்.”

“இது?”

“மெதுவா இறங்குது.”

“எவ்வளவு மெதுவா?”

“நல்ல சதையை விட ரெண்டு மடங்கு. ஆனா அதுவும் கண்ணிமைக்கிற நேரம்கூட இல்ல.”

அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். வியாழக்கிழமையிலிருந்து இன்று வரை அவனுக்கு ஒரு பிள்ளை இருந்தது. யாரும் எடுத்துப் போகவில்லை. அவனே உண்டாக்கி அவனே கொண்டுவந்து இங்கே விட்டிருக்கிறான்.

“என்ன செய்யட்டும் சேர்? வச்சிருக்கவா, வேணாமா?”

“வச்சிருங்க,” என்றான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

திரும்பி வரும்போது நாலு மணி தாண்டிவிட்டது. லயத்துக்கு ஏறும் படியில் றோசலின் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவன் அவள் முன்னால் நின்றான்.

“அக்கா, நான் தப்பா…”

“அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க,” என்றாள். “நேத்து முழுக்க நான் சொல்லிப் பாத்துட்டேன். சதைத் துண்டு குடுத்தது உண்மைதான்னு ஒத்துக்கிட்டேன். அது போதும் அவங்களுக்கு. அதை மறைச்சவ இதையும் மறைச்சிருப்பேன்னு வெளிய போகச் சொல்லிட்டாங்க. நேத்துப் பூசையில பாதர்கிட்டப் பிள்ளைக்கும் சேத்து மன்றாடச் சொல்லியிருக்காங்க. அவரும் பேரில்லாத சிசுன்னு வாசிச்சிட்டாரு.”

ஜீவராணி காம்பராவுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் அவளை வீட்டில் பார்ப்பது அவனுக்குப் பழக்கமில்லாதது.

“ஆம்பளையா, பொம்பளையா?”

“பிள்ளை இருக்கல்ல மாமி. நான் தப்பா வாசிச்சிட்டேன். கருன்னு போட்டிருந்தது வேற. அணுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நடுவுல…” தன் குரல் அவனுக்கே பொய் சொல்கிறவன் குரல் மாதிரி கேட்டது. “டெஸ்ட் பண்ணின சீட்டைக் கண்ணால பாத்தேன். அவ மாசமா இருக்கல்ல. தொடையில இருந்து ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். அவளாத்தான் குடுத்திருக்கா.”

“நீங்க தமிழ் மாஸ்டர்.”

“ஆமா.”

“கருன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. அங்க இருக்கிறவங்க சொல்லித்தான் தெரியணும்.”

“மாமி…”

“எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?”

அவன் மணிக்கூட்டு வாரை இழுத்து இறுக்கினான்.

“போட்டீங்களா இல்லையா?”

“போட்டேன்.”

ஜீவராணி தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. வியாழக்கிழமை உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அவன் முகம் எப்படி இருந்திருக்குமோ, அந்த முகத்தோடு அவனைப் பார்த்தாள்.

“சனிக்கிழமை வந்து நின்னப்போ உண்மையைச் சொன்னீங்க,” என்றாள். “இன்னைக்கு றோசலினும் நீங்களும் ஒரே பாட்டைப் பாடுறீங்க. போங்க தம்பி. எம் பேரப்பிள்ளைய நான் பாத்துக்கிறேன்.”