பதினான்கு கட்டங்கள்

கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிற அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காந்தம் என்றால்தான் தெரியும். தையல் மிஷினில் ஊசி உடைந்தால் அந்த வரிசையே நின்றுவிடும். உடைந்த துண்டுகள் எல்லாம் கைக்கு வந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முழு ஊசி ஆகி, நோட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் லைன் மறுபடி ஓட வேண்டும். அந்த நோட்டு அவள் பொறுப்பு. காந்தமும் கையுமாக மேசைக்கு அடியில் தவழ்ந்து எள்ளளவு துண்டையும் எடுத்துவிடுவாள். இப்போது ஐந்து மாத வயிறு. மற்றவர்களைத் தவழவிட்டு மேலே நின்று அதட்டுகிறாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு மாத்திரை அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாளாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

மாதாமாதம் செய்கிற பரிசோதனையில், சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று வந்திருந்தது. காலை ஒன்று, மாலை ஒன்று, ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அவளுக்கோ காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, இடுப்பு வலிகூட இல்லை. நன்றாக இருக்கிற உடம்புக்கு மருந்து எதற்கு என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் நாத்தனார். கணவனின் அக்கா, ஒரே வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவர்.

“நான் மூணு பெத்தேன். ஒரு தலைவலி மாத்திரைகூட தொட்டதில்ல,” என்றார். “போன தடவை என்னாச்சுன்னு மறந்துட்டியா?”

மறக்கிற விஷயமா அது? போன வருஷம் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை போட்டாள். நான்கு நாள் கழித்து, இரண்டு மாதக் கரு கலைந்துபோனது. மாத்திரையால்தான் என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் யாரும் இல்லை.

கணவன் வேன் ஓட்டுகிறவன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் சூரன், மற்ற நேரத்தில் அக்கா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான். மருந்து டப்பாவுக்குள் இருந்த தாளை விரித்துப் படித்து, ‘கர்ப்பிணிகள்’ என்ற வார்த்தையில் நின்றுவிட்டான். மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த வரியில் இருந்தது. பயந்த கண்ணுக்கு அடுத்த வரி எங்கே தெரியும்?

“நீ நல்லாத்தானே இருக்கே,” என்றான். அவளும் ஆமாம் என்றாள்.

நான்காம் நாள் பிற்பகல், ஒரு சட்டைக்கு உலோகச் சோதனை மிஷின் கத்தியது. கையளவு சட்டை. தையல் அத்தனை ஒழுங்கு. தைத்த பெண் தன் ஊசியைக் கழற்றிக் காட்டினாள், முழுசாக இருந்தது. வெளியே வண்டி காத்திருந்தது. சூப்பர்வைசருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“நல்லாத்தானே இருக்கு, அனுப்பும்மா.”

“கத்திடுச்சு சார்.”

“சில நேரம் சும்மாவும் கத்தும்.”

“சும்மா கத்துச்சான்னு பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். நம்ம கண்ணுக்கு நல்லா இருந்தாப் போதுமா சார்? போட்டுக்கப் போறது வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பிள்ளை.”

கழுத்துப்பட்டியைப் பிரித்தாள். இரண்டு துணிக்கு நடுவில் ஒரு ஊசி முனை உட்கார்ந்திருந்தது. முந்தின ஷிப்டில் யாரோ திட்டுக்குப் பயந்து சொல்லாமல் விட்டது.

முனையை நோட்டில் ஒட்டும்போதுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. டாக்டரம்மாவின் சோதனை கத்தி மூன்று நாள் ஆகிறது. நல்லாத்தானே இருக்கேன் என்று தன் உடம்புக்குத் தானே பாஸ் போட்டுவிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறாள். யார் வீட்டுக் குழந்தைக்கோ இவ்வளவு கறாராக இருப்பவள் தன் குழந்தை விஷயத்தில் இப்படிக் கோட்டை விட்டாளே என்று அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

அதற்காகக் கோபத்தில் மாத்திரையை விழுங்கிவிடவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றது என்று பெர்மிஷன் போட்டுவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் போனாள்.

“மருந்து ஆரம்பிச்சாச்சா?”

“இல்ல டாக்டர். மூணு கேள்வி இருக்கு. பதில் சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். வலியே இல்லையே, அப்புறம் எதுக்கு மருந்து?”

“வலி இல்லாமலும் கிருமி இருக்கும்மா. கர்ப்பத்துல அப்படியே விட்டா சிறுநீரகம் வரைக்கும் ஏறலாம். குறைமாசத்துல வலி வந்துடவும் வாய்ப்பு இருக்கு.”

“மாத்திரையால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதா?”

“எந்த மாத்திரைக்கும் நான் சத்தியம் பண்ணித் தர மாட்டேன். ஆனா இது கர்ப்பிணிக்குன்னு பாத்து, உங்களுக்கு அலர்ஜி உண்டான்னு கேட்டு எழுதினது. ரொம்ப வருஷமா குடுத்துட்டு வர்றோம். எனக்கு இதைவிட அந்தக் கிருமிதான் பயம்.”

மூன்றாவது கேள்வியை மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“போன தடவை… நான் போட்ட மாத்திரையாலயா?”

டாக்டரம்மா பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினார். “நீங்க அந்த மாத்திரை போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கரு வளர்றது நின்னுபோச்சும்மா. கலைஞ்சப்ப எடுத்த ஸ்கேன்ல, கருவோட அளவை வச்சே தெரியுது. நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. சொல்லியிருக்கணும். உங்க தப்பு இதுல ஒண்ணுமே இல்ல.”

அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷத்து அழுகை, சீக்கிரத்தில் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவனையும் நாத்தனாரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்கேன் விஷயத்தையும் விடவில்லை. கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இருந்தாலும், ஏதாவது ஆச்சுன்னா?” என்றார் நாத்தனார்.

“ஆச்சுன்னா, கேட்டுத் தெரிஞ்சுகிட்டு நான் எடுத்த முடிவு அண்ணி. யார் தலையிலயும் போட மாட்டேன். என் தலையிலயும் யாரும் எதையும் போட வேண்டாம்.”

அவர்கள் பார்க்கவே முதல் மாத்திரையை விழுங்கினாள். பழைய நோட்டு ஒன்றில் பதினான்கு கட்டம் போட்டு, மாத்திரை இருந்த அட்டைத் துண்டை வெட்டி முதல் கட்டத்தில் டேப் போட்டு ஒட்டினாள்.

“பதினாலும் முடியணும். ஒரு துண்டு குறைஞ்சாலும் லைன் ஓடாது,” என்றாள்.

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்தான், அப்புறம் பேச்சுவார்த்தையே இல்லை.

மூன்றாம் நாள் வேலை இடுப்பை ஒடித்துவிட்டது. சாயங்காலம் வந்ததும் படுத்தவள் அசந்து தூங்கிவிட்டாள். யாரோ தோளை உலுக்கினார்கள். கண் விழித்தால் நாத்தனார், ஒரு கையில் தண்ணீர், மறுகையில் நோட்டு.

“அஞ்சாவது கட்டம் காலியா இருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் ஓடாதுன்னு நீதானே சொன்னே? எந்திரி.”

எழுந்து விழுங்கினாள். நாத்தனார் அட்டைத் துண்டைத் தானே வெட்டி, டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

“போன தடவை மாத்திரையாலதான்னு எல்லார்கிட்டயும் சொன்னது நான்தான்,” என்றார், நோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“தெரியும் அண்ணி,” என்றாள் அவள். “டேப்பை நல்லா அழுத்துங்க.”