மாமியும் நானும் ரேடியோவும்

அந்த வருஷம் சாரல் முன்னாலேயே வந்துவிட்டது. தென்காசியே சிலுசிலுவென்று சந்தோஷமாக இருந்தபோது எங்கள் வீட்டு ரேடியோ மட்டும் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளாமல் ஒரு வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டது. விளக்கு எரியும், சத்தம் வராது. கல்யாணமான மறுவருஷம் என் மாப்பிள்ளை முகம்மது மீரான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. அதை வைத்துவிட்டு அவர் திரும்பவும் கொழும்புக் கடைக்கே போய்விட்டார். வீட்டில் மாமி ஜாஹிரா பீவியும் நானும் ரேடியோவும்தான். மூன்று பேரில் நான்தான் குறைவாகப் பேசுவேன்.

வேறு சமயமென்றால் விட்டுத்தள்ளியிருப்பேன். ஆனால் அந்த வாரம்தான், அவரோடு கடையில் இருந்துவிட்டுக் கொழும்பிலிருந்து வந்த துல்கர்னைன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "வெள்ளிக்கெழம சாய்ங்காலம் இலங்கை ரேடியோவுல நேயர் விருப்பம் வைங்க. மீரான் பாட்டு கேட்டு எழுதிப் போட்டிருக்கான். பேரெல்லாம் வாசிப்பாங்க."

எனக்குப் பாட்டு முக்கியமில்லை. பேர்தான் முக்கியம். என் மாப்பிள்ளை ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார், அவ்வளவுதான். மாமிக்கு நான் "ஏட்டி". ஷமீம் பானு என்று என் வாப்பா ஆசை ஆசையாக வைத்த பேரைக் கல்யாணத்தன்றே மாமி தள்ளிவைத்துவிட்டார். "பானுவாம் பானு. ஊர்ல இல்லாத பேரு!" அந்த வீட்டில் என் பேரை யாரும் சொல்லாததில் எனக்கு எவ்வளவு வருத்தம் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் எழுதிக் கொடுத்து, ஒரு தடவையாவது அது என் காதில் விழவேண்டும்.

மாமிக்கு மகன் பேரைக் கேட்க ஆசை. அதுவரை "கத்துற பொட்டி" என்று வைதுகொண்டிருந்தவர், வெள்ளிக்கிழமை விடிந்ததும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். "ஏட்டி, பொட்டியத் தூக்கு. ரிப்பேருக்கு ஆளு தேடுவோம்."

நயினாரின் குதிரைவண்டியில் திரை கட்டி ஏறினோம். ரேடியோ போர்வைக்குள் என் மடியில் இருந்தது. சைக்கிள் கடைக்காரர், "டயருன்னா பாத்துரலாம்" என்று கையை விரித்தார். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பெட்டியின் முதுகுப்பக்கம் ரொம்ப நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள நெறைய இருக்கு" என்று கண்டுபிடித்துச் சொன்னார். மாமி அவரைப் பார்த்த பார்வையில் லென்ஸ் கழன்று விழுந்துவிட்டது. கடைசியில் மைக் செட் குற்றாலிங்கம்தான் ரேடியோ பார்ப்பவர் என்று தெரிந்தது. போனால் கடை பூட்டியிருந்தது.

"சாரல் விழுந்தாச்சுல்லா! சீசன் முடியுற மட்டும் அவரு குத்தாலத்துலதான் இருப்பாரு" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

மாமி யோசிக்கவேயில்லை. "வண்டியக் குத்தாலத்துக்கு விடு, நயினாரு."

வழியில் மழை பிடித்துக்கொண்டது. மாமி குடையை விரித்தார். எனக்கோ அவருக்கோ இல்லை, ரேடியோவுக்கு.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருந்தது கடை. வாசல் முழுக்க லாட்ஜ், ஹோட்டல் ரேடியோக்கள் அடைத்துக்கொண்டு நின்றன. குற்றாலிங்கம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "செவ்வாக்கெழம வாங்க ஆச்சி" என்றார்.

"செவ்வாக்கெழமயா? எம்புள்ள இன்னைக்குல்லா பேர் சொல்லுதான்!"

நடந்ததையெல்லாம் மாமி சொல்லி முடித்தபோது குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு எங்களுடையதைக் கழற்றினார். ஒரு வால்வு கருகியிருந்தது. அதை மாற்றினார். ஆனால் ஸ்பீக்கர் ஈரத்தில் நைந்து கிழிந்திருந்தது. "இது திருநெல்வேலியிலருந்துதான் வரணும். இன்னைக்கே கேக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு" என்று கூரையைக் காட்டினார். மேலே, பஜாரைப் பார்த்து ஒரு ஹார்ன் ஸ்பீக்கர் கட்டியிருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. "வேண்டாம் மாமி. வீட்டுக்குப் போயிருவோம்."

"சும்மா இரிட்டி. எம்புள்ள பேர ஊரே கேக்கட்டும்."

சாயங்காலம் ஹார்ன் அலறத் தொடங்கியது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தவர்கள், நேயர் விருப்பம் என்றதும் அங்கங்கே நின்றுவிட்டார்கள். யார் யார் பேரோ வந்தது. மட்டக்களப்பு என்றது, மதுரை என்றது. மாமியும் நானும் கடைக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம்.

"கொழும்பிலிருந்து முகம்மது மீரான்..."

மாமி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"...தென்காசியில் இருக்கும் தன் அன்பு மனைவி..."

கடகடவென்று ஒரு சத்தம். ஹார்ன் அடங்கிவிட்டது.

"வால்வு ஆடுது, வால்வு ஆடுது" என்று குற்றாலிங்கம் பெட்டிக்குள் கையைவிட்டுத் துழாவினார். வெளியே ஒரே சிரிப்பு. தலையில் துண்டு கட்டிய ஒருவர் சத்தம் போட்டார். "பொண்டாட்டி பேர முழுங்கிட்டீரே அண்ணாச்சி! யாருவே அந்தப் புண்ணியவதி?"

துப்பட்டிக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எவ்வளவு அலைந்தோம், அந்த ஒரு பேருக்காக! என் பேர் மட்டும் வராமல் போனதே என்று நெஞ்சு வெந்தது. மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையை விட்டுவிட்டு மழையில் இறங்கி, கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"ஷமீம் பானு!" என்றார். ஹார்ன் தோற்றுப்போகிற குரல். "கேட்டுக்கிடுங்க. ஷமீம் பானு. எம் மருமவ. இந்தா, உள்ள நிக்கா."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். அதற்குள் வால்வு சரியாகி ஹார்ன் பாடத் தொடங்கியது. என்ன பாட்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது, "பேர் வாசிச்சது கேட்டுச்சா?" என்று மாப்பிள்ளை ஆவலாகக் கேட்டார். நன்றாகக் கேட்டது என்றேன். மாமி ஒன்றும் தெரியாதவர் மாதிரி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

குற்றாலத்தில் அன்றைக்கு நனைந்துபோய் வண்டியில் ஏறும்போதே, "ஏட்டி, காலப் பாத்து வையி" என்றுதான் சொன்னார். அவர் மவுத்தாகிக் கண்ணை மூடுகிறவரைக்கும் நான் அவருக்கு ஏட்டிதான். அதற்கப்புறம் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.