எல்லோரும் பார்க்கும் இடம்

தொழிலாளரின் உரிமைகளைத் தமிழில் அச்சடித்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டவேண்டும் என்று கொழும்பிலிருந்து சர்க்கார் உத்தரவு வந்தது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரைக்கு 'எல்லோரும்' என்றால் அவரும், கிளாக்கரும், வாசலில் படுத்திருக்கும் நாயும்தான். ஆகவே நோட்டீஸ் துரையின் ஆபீஸ் சுவருக்குப் போயிற்று.

ஹட்டனில் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிவந்தார்கள். ஆணியடிக்க மாயாண்டியைக் கூப்பிட்டார்கள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டுதான் அவன் அதைத் தொட்டான்.

"என்னாங்க எழுதியிருக்கு?"

"ராசா நமக்குப் போட்ட காயிதம்டா. நேரா இருக்கா, அத மட்டும் பாரு" என்றார் பெரிய கங்காணி சோலைமலை. அவருக்கும் எழுத்து தெரியாது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். புகைக்குத் துரை தும்மினார். ஆபீஸ் படி ஏறக்கூடாத சனங்கள் தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டார்கள்.

மாயாண்டியின் பெண்சாதி நாகலெட்சுமிக்கு எட்டு மாதம். முன்பு இரண்டு கலைந்துபோயிருந்தன.

"சர்க்காரே நம்மள நெனைக்குது புள்ள."

"நெனைக்கட்டும். எனக்கு மேமலையில கொழுந்து பறிக்க வேணாம், கீழ்மலையில வேல போடச் சொல்லிக் கங்காணியக் கேளுங்க. இதாச்சும் தங்கணும்."

கேட்டான். "மேமலைக்கு வராட்டி பேரு வெட்டி வேலைய விட்டு நிறுத்திருவாங்க. அவ என்னா துரைசாணியா?" என்றார் கங்காணி.

ஒரு வாரம் கழித்து, மழை ஈரத்தில், நிறைந்த கூடையோடு அவள் மேமலையில் வழுக்கி விழுந்தாள். பெண் பிள்ளை. அழவேயில்லை.

அதற்கு எட்டாம் நாள் கொழும்புச் சர்க்கார் ஐயா ஒருவர் நோட்டீஸ் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். கண்ணாடியின் பளபளப்பை மெச்சினார். வாசலில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த மாயாண்டியைக் கூப்பிட்டார்.

"இதிலே என்ன இருக்குன்னு தெரியுமா?"

"நான்தாங்க மாட்டுனேன்."

அவர் நல்ல குரலெடுத்து வாசித்தார்: "பிள்ளைத்தாய்ச்சிகள் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் வேலைக்கு வராதிருக்கலாம். அதற்காகப் பேர் வெட்டக்கூடாது." பிறகு கேட்டார்: "உன் வீட்டிலே பிள்ளைத்தாய்ச்சி யாரும் உண்டா?"

"இருந்தாங்க."

'முறைப்படி மாட்டப்பட்டுள்ளது' என்று எழுதிக்கொண்டு, துரையோடு தேத்தண்ணி குடிக்கப் போனார்.

சாயங்காலம் லயத்து வீட்டில் நாகலெட்சுமி மாரில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பால் நிற்கவில்லை. மறுநாள் விடியலில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்துபோயிருந்தது.

"நான் இன்னும் பாத்து காலு வச்சிருக்கணும்" என்றாள். தினமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாயாண்டிக்குப் பொறுக்கவில்லை. ஐயா வாசித்ததைச் சொல்லிவிட்டான்.

"அப்ப நான் அன்னைக்கி வீட்டுலயே படுத்திருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாமாம்."

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். சொன்னான்.

"பின்னும்னா இப்பவுந்தானே? புள்ள இல்லாட்டியும் உண்டாங்க?"

"அத அவரு படிக்கலையே புள்ள."

கேட்க ஐயாவும் இல்லை. அவர் கார் மத்தியானமே மலை இறங்கிவிட்டது. விடியலில் பெரட்டுத் தப்பு அடித்தபோது நாகலெட்சுமி ஈரத் துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்தாள்.